ஆமைதான் என்று நாற்பத்தொரு பேர்

அஃப்ஷீன், உன் விளையாட்டில் எழுத்துகள் கொஞ்சம் சிறியவை. எழுபத்தைந்து வயதுக்காரன் கண்ணாடியை ஏற்றி இறக்கியே அரைமணி நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது. இதை முதல் குறையாக எழுதிக்கொள். மற்றபடி எல்லாம் அழகு. கடல் நடுவே அந்தக் கோட்டை, பவழப் படிகள், கேன்டீன் நடத்தும் வாயாடி நண்டு. நண்டுக்கு உன் வாப்பாவின் குரலை வைத்துவிட்டாய். இப்போது கடைக்குப் போனால் சேக் தாவூதை நேராகப் பார்க்க முடியவில்லை. வெங்காயம் எடைபோடும்போது கொடுக்கு எங்கே என்று தேடுகிறேன்.

போன வாரம் நீ மூச்சு வாங்க மேடேறி வந்து, கையிலிருந்த பலகைக் கணினியை என் மடியில் வைத்தாய்.

"அரே தாத்தா, அறுபத்து மூணு பேர் ஆடிட்டாங்க. அதுல நாப்பத்தொரு பேர் ஆமைதான் ஃபிராடுன்னு அமுக்கியிருக்காங்க. உங்க கதையில எங்கயோ ஓட்டை இருக்கு. ஜல்தி பாத்து அடைச்சுக் குடுங்க. இங்கயே வச்சிட்டுப் போறேன், எல்லாரும் எழுதினதைப் படிங்க."

படித்தேன். கடைசியில் "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒரு கட்டம் இருந்தது. நான் சொல்ல விரும்புவது அந்தக் கட்டத்தில் அடங்காது. அதனால் நோட்டில் எழுதுகிறேன்.

உன் விளையாட்டை ஆடாதவர் கையில் இது கிடைத்தால் அவருக்கும் விளங்க வேண்டும் அல்லவா? ஆகவே கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் பேரலை அடித்து ஓய்ந்து சில வருஷம் ஆகிறது. முகம் சிதைந்த ஒருவன் கரையேறி வந்து, "நான்தான் விளக்குக்காரியின் புருஷன்" என்கிறான். அவன் அலையில் போய்விட்டான் என்று அழுது முடித்த விளக்குக்காரி, அதற்குள் பக்கத்து வளையில் இருந்த கிழட்டு ஆமையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆமை வந்தவனிடம் மூன்று கேள்வி கேட்கிறது, பிறகு பாசிவயலுக்குக் கூட்டிப்போய் அங்கே நட்டிருக்கும் ஒரு பலகையை அவனுக்கு வாசித்துக் காட்டுகிறது. ஆடுகிறவர் எல்லாரிடமும் பேசிப் பார்த்து, ஆள்மாறாட்டக்காரன் யார் என்று பொத்தானை அமுக்க வேண்டும். விடை, வந்தவன். அவன் மனிதத்தோல் போர்த்திய சதுப்பு முதலை. அவனைச் சதுப்புக்கே அனுப்பிவிட்டால் கோபுரத்தில் விளக்கு எரியும், ஆமை ஒரு பாட்டுப் பாடும். பாட்டு எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று பேர் எழுதியதை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது உன் தம்பி ரய்யான். "ஆமை ஓவரா நல்லவனா பேசுது. எங்க மேத்ஸ் மிஸ் மார்க் குறைக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் சிரிப்பாங்க." சின்னப் பையன், ஏதோ எழுதிவிட்டான் என்று தள்ளிவிட்டேன்.

இரண்டாவது, சென்னையில் பொறியாளர் என்று போட்டுக்கொண்ட ஒருவர். "வந்தவன் பாசிவயல் வரப்பில் நடந்துபோய்ச் சதுப்பில் மாட்டுகிறான். பேரலைக்குப் பிறகுதான் அது சதுப்பு ஆனது என்று நண்டு சொல்கிறது. சதுப்பு முதலைக்குச் சதுப்பு தெரியாதா? தெரியாமல் நடக்கக்கூடியவன் அலைக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவன் மட்டுமே. லாஜிக் இடிக்கிறது. அவன் உண்மையான புருஷன். பலகையைப் பொய்யாக வாசித்துக் காட்டிய ஆமைதான் குற்றவாளி."

இந்த மனிதர் கெட்டிக்காரர். பதினேழு வருஷமாக இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாதது, பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைவிரலால் விளையாடியவருக்குத் தோன்றிவிட்டது.

மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டை எப்படி வந்தது என்றால், நான் அதை அடைக்காமல் விட்டேன். என்னைப் பற்றி நம் அந்தமான் மரைன் ஹில்லில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அக்கரைக்குப் போகும் பம்பூஃப்ளாட் படகில் முதலை ஒன்று டிக்கெட் எடுத்துப் பெண்கள் பக்கம் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். சுறாவின் முதுகில் வேட்டியைத் தேய்த்து இஸ்திரி போட்டவன். நான் வாயைத் திறந்தால் ஆட்கள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதில் ஒரு வசதி உண்டு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நீ வந்து, "தாத்தா, ஒரு ஆள்மாறாட்டக் கதை சொல்லுங்க, கேம் பண்ணப் போறேன்" என்றபோது, வாழ்நாளில் ஒரு தடவை நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. ஆமை, நண்டு என்று பெயரை மாற்றினேன். அவ்வளவுதான்.

நீங்கள் இந்த மேட்டுக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்தது. அப்போது நான் சாத்தம் மர மில்லில் வேலை. தனி ஆள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யோகராஜ். அவன் மனைவிதான் விசாலாட்சி. ஆம், நீ "பாட்டி" என்று கூப்பிடுகிற, உனக்கு மாங்காய் நறுக்கித் தருகிற அதே விசாலாட்சி. இரண்டு பேருமே சிறு பிள்ளைகளாகச் சிலோனிலிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். நாம் நாற்காலி என்பதை அவர்கள் கதிரை என்பார்கள். நாம் டீ என்பது அவர்களுக்குத் தேத்தண்ணி. யோகராஜ் மில்லுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் வெளியே எங்களைப் போல இந்தி கலந்து பேசப் பழகிவிட்டான். எழுத்து மட்டும் ஏறவில்லை. தமிழ் வாசிப்பான், அதுவும் எழுத்துக்கூட்டி. இந்தி, இங்கிலீஷ் இரண்டும் அவனுக்குப் படம் மாதிரி.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் அவனைக் கார் நிக்கோபாருக்கு அனுப்பினார்கள். குடியிருப்புகளுக்கு ஜன்னல் சட்டம் பொருத்துகிற வேலை. அவன் போன பத்தாம் நாள் சுனாமி. கச்சாலில் இருந்த இரு குடும்பத்துப் பெரியவர்களும் அன்றே போனார்கள். விசாலாட்சிக்கு மிஞ்சியது பக்கத்து வீட்டுக்காரனான நான்.

ஒரு வருஷம் அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். தினம் மாலை போய் ஒரு பொய் சொல்வேன். முதல் எட்டு மாதம் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. முதலை டிக்கெட் எடுத்த கதையை அவளுக்காகத்தான் முதன்முதலில் கட்டினேன். "சில்லறை சரியா குடுத்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு உழைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அடுத்த வருஷம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம்.

இரண்டாயிரத்து எட்டில் அவன் வந்தான்.

அலை அவனை வெகுதூரம் கொண்டுபோயிருக்கிறது. பர்மா பக்கத்து மீன்பிடிப் படகு ஒன்று பொறுக்கி எடுத்திருக்கிறது. காகிதம் இல்லாத ஆள், பேச்சு யாருக்கும் புரியவில்லை, எங்கோ அடைத்து வைத்துவிட்டார்கள். தாடை உடைந்து கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு கண் மூடியே கிடந்தது. முன்பற்கள் இல்லை. நேராக மில் வாசலுக்கு வந்து நின்று, "நான் யோகராஜ்" என்றான். வந்தவனைப் பற்றி முடிவு எழுத வேண்டிய அதிகாரி, இவனைத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். மனைவியைக் கூப்பிடுங்கள் என்றார். அவளுக்கு ரத்த அழுத்தம், அதிர்ச்சி தாங்காது, முதலில் நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதிகாரியைக் குறை சொல்வதற்கில்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

மில் கேன்டீனில் உட்கார வைத்தோம். ஃபோர்மேன் சிவபிரகாஷும் பத்துப் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, மூஞ்சி தெரியல. ஆனா நடை அவன் நடை மாதிரிதான் இருக்கு" என்றான் சிவபிரகாஷ்.

"நடையைப் பாத்து ஆளைச் சொல்றதுன்னா, உன்னை வாத்துன்னுதான் எழுதிக் குடுக்கணும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிவபிரகாஷும் சிரித்தான். ஒரு கூட்டம் சிரித்துவிட்டால் பிறகு அது சிரிக்க வைத்தவன் பக்கம்தான் நிற்கும். இதை உன் விளையாட்டில் எங்காவது சேர்க்கலாம்.

மூன்று கேள்வி கேட்டேன். "மில்லில் என் விரல் எந்த வருஷம் போச்சு?" சரியாகச் சொன்னான், எந்த விரல் என்றும் சொன்னான். "உன் குவார்ட்டர்ஸ் வாசலில் என்ன மரம்?" கறிவேப்பிலை, விசாலாட்சி வைத்தது, முதல் கன்று பட்டுப்போய் இரண்டாவதுதான் பிழைத்தது என்றான். இது எனக்கே மறந்துபோயிருந்தது. மூன்றாவதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "என்ன சாப்பிடறே?" என்றேன்.

"பாணும் தேத்தண்ணியும்" என்றான்.

பாண் என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் ரொட்டி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது யோகராஜ்தான். முகம் போயிருந்தது. பதினைந்து வருஷம் மில்லில் ஒட்டிய இந்தியும் போயிருந்தது. மூன்றரை வருஷம் பேச ஆளில்லாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவனிடம், வீட்டில் பேசிய தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் எழுந்து நின்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். "நம்ம யோகராஜ் இந்தக் கேன்டீன்ல பதினஞ்சு வருஷம் என்ன கேட்டுச் சாப்பிட்டான்? சொல்லுங்க."

"டபல் ரொட்டி" என்றது கூட்டம்.

"இவன் பாண்ங்கறான். கச்சால்காரன் எவன்கிட்டயோ உக்காந்து பாடம் படிச்சிட்டு வந்திருக்கான். சாத்தம்ல அவன் எப்படிப் பேசினான்னு சொல்லிக்குடுக்க ஆள் கிடைக்கல. மூணு கேள்விக்கும் ஒரு தப்புக்கூட இல்லாம சொல்றான் பாருங்க. நீங்க உங்க கல்யாண வருஷத்தையே ரெண்டு தடவை மாத்திச் சொல்றவங்க. நிஜமான ஆளுக்கு மறக்கும். வேஷக்காரனுக்குத்தான் மறக்காது."

நல்ல வாதம். இன்று படித்துப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் என்னையே பார்த்தான். கோபப்படவில்லை. "அண்ணே, வெளியிலதான் ரொட்டி. வீட்டுல பாண்தானே" என்றான். ஆனால் கோணல் தாடை, பல் இல்லை, பாதிப் பேருக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

வீட்டுக்குப் போய் விசாலாட்சியிடம் சொன்னேன், எவனோ ஒருவன் உன் புருஷன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று.

"ஒருக்கா பாத்துட்டு வரட்டா?" என்றாள்.

"வேணாம். உனக்கு மயக்கம் வரும்."

அவள் பிறகு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு நாற்காலி. மூன்று பேர் உட்கார முடியாது. ஒருவர் நிற்க வேண்டும் என்றால், இத்தனை நாள் இல்லாமல் பழகியவர் நிற்பதுதானே நியாயம்?

அவன் போகவில்லை. பம்பூஃப்ளாட் ஜெட்டியில் மூட்டை இறக்கிக்கொண்டு, ஓய்ந்த நேரம் சாத்தம் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் வேறு எதையும் கேட்கவில்லை, அஃப்ஷீன். வீடு வேண்டாம், வேலை வேண்டாம், பெயர்கூட வேண்டாம் என்றான். விசாலாட்சி ஒரு தடவை தன்னைப் பார்த்து, நீதான் யோகராஜ் என்று சொன்னால் போதும், நீ இல்லை என்று சொன்னாலும் போய்விடுகிறேன் என்றான். அதுதான் சிக்கல். அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள்.

ஆகவே ஒரு நாள் அவனிடம் போய், சரி, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். விசாலாட்சி சிப்பிகாட்டில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று மணிக்கு வயல் நடுவில் இருக்கிற பம்புசெட் கொட்டகைக்கு வருவாள், ஊர்க் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்றேன். அவன் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

சிப்பிகாட் உனக்கு இப்போது தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஏரி மாதிரி தண்ணீர், அதில் மொட்டை மரங்கள். சுனாமியில் நிலம் இறங்கி, கடல் உள்ளே வந்து நின்றுவிட்டது. அதற்கு முன் அது நெல்வயல். அவன் கடைசியாகப் பார்த்தது நெல்வயல். நாங்கள் சேர்ந்து அந்த வரப்பில் எத்தனையோ தடவை நடந்து, ஓடையில் மீன் பிடித்திருக்கிறோம். கடல் வந்தபின் அங்கே குடியேறியவை எவை என்று இந்த மூன்றரை வருஷத்தில் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மாடு போயிருந்தது, ஒரு நாய் போயிருந்தது. பிறகுதான் பலகை வைத்தார்கள். இந்தியிலும் இங்கிலீஷிலும். கீழே ஒரு முதலைப் படமும் வரைந்திருந்தார்கள். அந்தமான் வெயில், படம் வெளுத்துப் போயிருந்தது.

அவன் பலகை முன்னால் நின்றான்.

"அண்ணே, இது புதுசா இருக்கே. என்ன எழுதியிருக்கு?"

"வயலுக்கு வழி இதுதான்னு எழுதியிருக்கு."

சிரித்தான். பல் இல்லாததால் சிரிப்பு குழந்தைச் சிரிப்பாக இருந்தது. "எனக்கே வழி காட்டறாங்களா? கண்ணைக் கட்டிட்டு நடப்பேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினான். வரப்பு தண்ணீருக்கு ஒரு முழம் கீழே அப்படியே இருந்திருக்க வேண்டும். தடுமாறாமல் நடந்தான். பழைய ஓடை வளைகிற இடத்தில் அவனும் சரியாக வளைந்தான். அதைத்தான் உன் சென்னைப் பொறியாளர் பிடித்துக்கொண்டார். வேஷக்காரன் எவனும் அந்த இடத்தில் வளைந்திருக்க மாட்டான்.

நடுவில் நின்று திரும்பினான். கையை நக்கிப் பார்த்தான்.

"அண்ணே, தண்ணி உப்புக் கரிக்குதே?"

"மழைத் தண்ணிதான். போ. அவ வர்ற நேரம்."

கொஞ்ச நேரம் பொறுத்து நான் வெயிலுக்கு விரித்திருந்த குடையை மடித்தேன். பார்க்க அங்கே வேறு ஒன்றும் இல்லை. பம்பூஃப்ளாட்டில் விசாரித்தவர்களிடம், வேஷம் கலைந்ததும் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று சிவபிரகாஷே சொன்னான். நான் சொல்லிக் கொடுக்கக்கூட இல்லை.

நான் அவனைத் தொடவில்லை. தள்ளவில்லை. ஒரு பலகையை வாசித்துக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் பதினேழு வருஷம் ஒரு சண்டை இல்லை. அவள் சிரித்த சிரிப்பை எல்லாம் கணக்கில் எடுத்தால் நான் அவளுக்குக் கெடுதல் செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது அந்த மூன்றாவது ஆள் எழுதியது. பெயர் போடவில்லை. நீ பலகைக் கணினியை இங்கே விட்டுப்போன அன்று மாலை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டே வரி.

"கேன்டீன் நண்டிடம் வந்தவன் ரொட்டி கேட்டதாக வருகிறது. அவர் பாண் என்றுதான் கேட்டிருப்பார்."

உன்னிடம் கதை சொன்னபோது நான் மாற்றிய ஒரே சொல் அதுதான், அஃப்ஷீன். பாண் என்றால் உனக்குப் புரியாதே என்று ரொட்டி என்று சொன்னேன். ஆட்களின் பெயரை எல்லாம் மாற்றியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தச் சொல்லை மாற்றும்போது மட்டும் ஏதோ ஏமாற்றுவதுபோல் இருந்தது.

அன்று நான் மத்தியானத் தூக்கம் முடிந்து மாலையில் எழுந்தபோது, விசாலாட்சி உன் பலகைக் கணினியை மடியில் வைத்திருந்தாள். சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆமையின் பாட்டு கேட்கவில்லை. யாரை அமுக்கினாள் என்று நான் கேட்கவும் இல்லை. நீயும் தேடிப் பார்க்காதே. அவள் இப்படி எழுதியதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. நான் நாற்காலி என்றால் கதிரை என்பாள், சோப்பு என்றால் சவர்க்காரம் என்பாள். சொல்லைத் திருத்துவது அவள் பழக்கம்.

ஒரு வாரமாகக் கொஞ்சம் பேச்சுக் குறைந்திருக்கிறது, உண்மைதான். நேற்று முதலை டிக்கெட் கதையை மறுபடி சொன்னேன். "சில்லறை சரியா குடுத்துச்சா?" என்று அவள் கேட்கும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அசதியாக இருக்கும்.

நீ கேட்ட யோசனைக்கு வருகிறேன். விளையாட்டை மாற்றாதே. ஓட்டை இருக்கட்டும். எழுத்தை மட்டும் பெரிதாக்கு. இந்த நோட்டைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய், தாத்தா அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார் என்பாய், உன் வாப்பாவும் சிரிப்பார். நான் சொன்னேனே, அதில் ஒரு வசதி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் வெளியே போகிறோம். அவளாகத்தான் கேட்டாள். பல வருஷம் கழித்து ஒன்று கேட்கிறாள், மறுக்க முடியுமா? சிப்பிகாட்டில் அந்த வயல் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம், ரோட்டில் நின்று இல்லை, தண்ணீர் ஓரம் வரைக்கும் இறங்கி.

"நீங்க முன்னுக்குப் போங்க, நான் பின்னுக்கு வாறேன்" என்றாள். "அங்க ஒரு பலகை இருக்காமே. எனக்கு இந்தி தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.